சுவரை விட்டு ஆறடி தள்ளி நில்லுங்கள்

வீட்டுக் கூடத்தில் நின்று பாடம் பதிவுசெய்யும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

நான் வாத்தியார் இல்லை. சின்ன ஊர் ஒன்றில் இருபத்தைந்து வருஷம் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவன். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாண வீடியோ என்று ஓடியது பிழைப்பு. ஆயிரம் வாட் சன்கன் விளக்கைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையைக் கண் கூச வைத்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகவும் இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்ளலாம்.

2020-ல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது, பக்கத்துத் தெருக் கணக்கு டீச்சர் ஒருநாள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "அண்ணே, வெள்ளைச் சுவத்து முன்னாடி நின்னுதான் எடுத்தேன். ஏன் இப்படி வருது?" என்றார். பார்த்தேன். சுவர் சாம்பல் பூத்துக் கிடந்தது. டீச்சரின் தோளுக்குப் பின்னால் அவரைவிடப் பெரிய நிழல் ஒன்று நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தது. முகம் இருந்த இடத்தில் கண்ணாடியின் மினுக்கம் மட்டும்தான். ஒரு பையன் வகுப்புக் குழுவில் கேட்டிருந்தான்: "மிஸ், கரண்ட் போனப்ப எடுத்தீங்களா?" அதற்குப் பயந்து அடுத்த பாடத்தை போனில் இருக்கும் அழகுக் கூட்டலை (பியூட்டி ஃபில்டர்) போட்டு எடுத்திருக்கிறார். அதைப் பார்த்த அவருடைய அம்மா, "யாருடி இது?" என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆசிரியர்கள் வீட்டில் விளக்குக் கட்டிக் கொடுத்துவிட்டேன். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அதற்கு அடுத்த வருஷமே ஊரடங்கு வந்தது. ஊரடங்கு போய்விட்டது, பாடம் பதிவுசெய்கிற பழக்கம் நிலைத்துவிட்டது. ஆனால் போகிற வீட்டிலெல்லாம் அதே மூன்று குறைகள்: சாம்பல் சுவர், பெரிய நிழல், இருண்ட முகம். மூன்றுக்கும் ஒரே வேர்தான். ஒரே விளக்கை வைத்துக்கொண்டு முகத்துக்கும் சுவருக்கும் சேர்த்து ஒளி கொடுக்கப் பார்க்கிறோம். முகத்துக்குத் தனி விளக்கு, சுவருக்குத் தனி விளக்கு; ஒன்றின் வெளிச்சம் மற்றதன் மேல் விழக் கூடாது. விழாமல் இருக்க நீங்கள் சுவரை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சுவர் வெள்ளைதான், பெயின்ட் போன தீபாவளிக்கு அடித்ததுதான் என்பீர்கள். நம் வீடுகளில் சுண்ணாம்பு அடித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வாளியில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். வேட்டியை அலசுகிற கடைசித் தண்ணீரிலும் நாலு சொட்டு நீலம் விழும். நீலம் சேர்ந்தால் துணி திருப்பி அனுப்புகிற மொத்த ஒளி கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனாலும் மஞ்சள் மறைவதால் கண்ணுக்கு வெளுப்புக் கூடியதுபோல் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் கண் எதையும் வெள்ளை என்கிறது. நம் பாட்டிமார் இதைப் பாடம் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். கேமராவுக்கு அந்த அறிவு கிடையாது.

கேமராவில் இருக்கும் ஒளிமானி, எதிரே இருப்பதெல்லாம் சராசரியில் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். விழுகிற ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையை நாங்கள் ஸ்டுடியோவில் அளவுகோலாக வைத்திருந்தது அதனால்தான். படச்சட்டத்தில் முக்கால் பங்கு வெள்ளைச் சுவர் இருந்தால், "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று மிரண்டு கேமரா எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும். சுவரைவிடக் கருத்த முகம் அதற்கும் கீழே இறங்கும். பொங்கலுக்கு எல்லாரும் வெள்ளை வேட்டி சட்டையில் வரிசையாக நின்று எடுத்த படத்தில் முகங்கள் மட்டும் கருத்துப்போயிருக்குமே, அதே கதைதான். இப்போதைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து அதற்கேற்ப ஒளியைக் கூட்டப் பார்க்கின்றன. ஆனால் நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பினாலோ, முகம் சட்டத்தில் சின்னதாக இருந்தாலோ, மறுபடி சுவர்தான் ஜெயிக்கும். பாடத்தின் நடுவில் படம் மங்கி மங்கித் தெளிவதும் அதனால்தான்.

இதற்கு மருந்து உங்கள் கட்டைவிரலிலேயே இருக்கிறது. போன் திரையில் உங்கள் முகம் வருகிற இடத்தை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஒளியளவும் குவியமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி முகத்தைச் சரியாக்குங்கள். சுவரைப் பற்றி அப்போது யோசிக்கவே வேண்டாம். முகம் சரியானபின் சுவர் சாம்பலாகத் தெரிந்தால் விளக்கைக் கூட்ட வேண்டியது சுவருக்குத்தான். கேமராவை மறுபடி தொடக் கூடாது. இந்த வரிசை மாறினால் நாள் முழுக்க வட்டமடித்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, நிழல். இயற்பியல் ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். உங்கள் பாடத்தை உங்களுக்கே நடத்தப்போகிறேன். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால் பங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும் என்று தலைகீழ் இருமடி விதியைப் பிள்ளைகளுக்கு நடத்துகிறீர்கள். அதையே உங்கள் கூடத்தில் பொருத்திப் பாருங்கள். விளக்கு முகத்திலிருந்து மூன்றடி, முகத்துக்குப் பின்னால் ஓரடியில் சுவர் என்று வைப்போம். சுவருக்கு நாலடி. முகத்தில் விழும் ஒளியில் பாதிக்கு மேல், பதினாறில் ஒன்பது பங்கு, சுவரிலும் விழும். சுவர் வெளுப்பாகத் தெரியும். ஆனால் உங்கள் நிழலும் கத்தியால் வெட்டியதுபோல் அங்கேயே விழும். இப்போது சுவரை விட்டு ஆறடி முன்னால் வாருங்கள். விளக்கும் உங்களோடு வரட்டும். முகத்துக்கு அதே மூன்றடி, சுவருக்கோ ஒன்பதடி. ஒன்பதில் ஒரு பங்கு ஒளிதான் சுவருக்குப் போகும். விளக்கைக் கொஞ்சம் உயரத்தில், பக்கவாட்டில் வைத்தால் நிழலும் கீழே சரிந்து சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஆனால் சுவர்? நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழுவதில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். மாநிற முகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அப்படியிருந்தும், சுவருக்குப் போவது ஒன்பதில் ஒரு பங்குதான் என்பதால், கேமராவின் கண்ணுக்குச் சுவர் உங்கள் முகத்தைவிட இருண்டு தெரியும்.

பலர் இந்த இடத்தில் பயந்துபோய்த் திரும்பவும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். ஒட்டாதீர்கள். இருண்ட சுவர் நமக்குச் சாதகம். அதில் முகத்தின் விளக்கு எதையும் எழுதவில்லை என்று அர்த்தம். நெல் விதைக்கும் முன் நிலத்தைக் களை எடுத்ததுபோல, இனி அதில் நாம் நினைத்ததை விதைக்கலாம்.

"ஆறடி தள்ளி நிற்க எங்கே இடம்? எங்கள் கூடமே பத்துக்குப் பன்னிரண்டு" என்று கேட்பது காதில் விழுகிறது. இதற்கும் கணக்கு இருக்கிறது. சுவரிலிருந்து நீங்கள் ஆறடி, உங்களிடமிருந்து போன் ஆறடி. ஆகப் பன்னிரண்டடி போதும். போனின் சாதாரண 1எக்ஸ் லென்ஸ் ரொம்ப அகலமாகப் பார்க்கும். பன்னிரண்டடி தூரத்தில் ஏறக்குறைய பதினாறடி அகலச் சுவரை அது கேட்கும். அலமாரி, காலண்டர், சாமி படம், ஃபேன் சுவிட்ச் எல்லாம் உள்ளே வந்துவிடும். 2எக்ஸுக்கு மாறினால் எட்டடி அகலச் சுவர் போதும். முகமும் அகல லென்ஸில் கிட்டே போய் எடுத்ததுபோல் மூக்கு புடைத்துத் தெரியாது. இன்னும் இடம் போதவில்லை என்றால் போனை அடுத்த அறையில் வைத்து, கதவைத் திறந்து, வாசல்கால் வழியாக எடுங்கள். திருவாரூர்ப் பக்கம் ஒரு தமிழ் ஆசிரியர் வீட்டில் போனை அடுப்படியில் வைத்துத்தான் எடுத்தோம். யாப்பிலக்கணம் நடந்துகொண்டிருக்கும்போது குக்கர் விசில் அடிக்காமல் பார்த்துக்கொண்டது அவர் வீட்டம்மா.

இனிச் சுவர் விளக்கு. இதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். நாலடி நீளம், இருபது வாட் எல்.இ.டி. டியூப் இரண்டு. எலெக்ட்ரிக்கல் கடையில் பேட்டன் என்று கேட்டால் கொடுப்பார்கள். சுவருக்கும் உங்களுக்கும் நடுவில், சுவரிலிருந்து மூன்று நாலடி தள்ளி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, சட்டத்தில் தெரியாதபடி செங்குத்தாக நிறுத்துங்கள். நாற்காலி முதுகில் கட்டலாம். துடைப்பக் கழியிலும் கட்டலாம். கட்டுவதற்கு முன் ஒயர் இணைப்பை டேப் சுற்றி மூடிவிடுங்கள். ஒவ்வொரு விளக்கும் தன் பக்கத்துச் சுவரைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்துப் பாதியைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் பளீரென்றும் நடுவில் மங்கலாகவும் விழாமல் சமமாகப் பரவும். விளக்குக்கும் உங்களுக்கும் இடையே கறுப்புச் சார்ட்டோ, கருப்புத் துணி சுற்றிய அட்டையோ நட்டு வையுங்கள். சினிமாக்காரர்கள் இதைக் கட்டர் என்பார்கள். இது இல்லாவிட்டால் சுவர் விளக்கு உங்கள் காதையும் கன்னத்தின் பின்பக்கத்தையும் வெளுத்துவிடும்.

சமமாக விழுந்ததா என்று பார்க்க மீட்டர் வேண்டாம், ஒரு பென்சில் போதும். சுவரின் நடுவில் பென்சிலைச் செங்குத்தாக ஆணி மாதிரிக் குத்திப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு நிழல் விழும். இரண்டும் ஒரே கருமையில் இருந்தால் இரண்டு விளக்கும் ஒரே அளவு ஒளி தருகின்றன. ஒன்று கூடக் கருத்திருந்தால் அதற்கு எதிர்ப்பக்கத்து விளக்கு வலுவாக இருக்கிறது. கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். பழைய ஓலைச்சுவடி, படங்களைப் பிரதி எடுக்கிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற சோதனை இது. அறிவியல் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கே செய்து காட்டலாம்.

எவ்வளவு வெள்ளை போதும் என்பதில்தான் ஆசை அளவு மீறுகிறது. முகத்தில் விழும் ஒளியைப்போல் ஒன்றரை மடங்கு, மிஞ்சினால் இரண்டு மடங்கு சுவரில் விழட்டும். அதுவே பளிச்சென்று வெளுத்துவிடும். போனில் லக்ஸ் மீட்டர் செயலி இருந்தால், முகம் இருக்கும் இடத்திலும் சுவரிலும் பிடித்துப் பார்த்து விகிதம் போட்டுக்கொள்ளலாம். அது காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒப்பிட உதவும். வீடியோ கேமரா வைத்திருப்பவர்களுக்கு, வெளுத்துவிட்ட இடத்தில் மட்டும் வரும் ஜீப்ரா கோடு இருக்கிறது. அது சுவர் முழுக்க வந்து, முகத்தில் ஒரு இடத்திலும் வராவிட்டால் வேலை முடிந்தது. நாலு மடங்கு, ஐந்து மடங்கு அடித்தால் சுவரே ஒரு பெரிய விளக்காகி உங்களைப் பின்னாலிருந்து நனைக்கும். தலைமுடியின் ஓரம் தின்னப்பட்டதுபோல் போய்விடும், தோள் விளிம்பு கரையும், படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளிறும். அப்படி வெளிறினால் சட்டத்துக்கு வெளியே, உங்கள் இரண்டு பக்கமும் ஓர் ஆள் உயரத்துக்குக் கருப்புத் துணி தொங்கவிடுங்கள். கன்னத்துக்கும் கைக்கும் விளிம்பு திரும்பி வரும். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் புடவை வேண்டாம். வாத்தியார் வேட்டியில்தான் வருவேன் என்றால் இடுப்புக்கு மேல் மட்டும் எடுங்கள்.

வெள்ளைச் சுவருக்கு ஒரு குணம் உண்டு. வேறு எந்தப் பின்னணியும் மறைத்துவிடுகிற குறையை அது காட்டிக்கொடுத்துவிடும். முதலாவது, பட்டை பட்டையாக ஓடும் நடுக்கம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மட்டமான விளக்குகள் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். விளக்கைக் கூட்டக்கூட போன் தன் ஷட்டரை வேகப்படுத்தும். அப்போதுதான் சுவரில் இருட்டுப் பட்டைகள் ஊர ஆரம்பிக்கும். ப்ரோ வீடியோ முறையில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்திவிட்டால் பட்டை அடங்கும். ஷட்டரை மாற்றும் வசதி இல்லாத போனில் நொடிக்கு 25 சட்டங்கள் அல்லது பி.ஏ.எல். என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். எதுவும் பலிக்கவில்லை என்றால் குறை விளக்கில் இருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, நிறக் கலப்பு. ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், உச்சியில் 6500 கெல்வின் டியூப், பூஜை அறையிலிருந்து 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. மூன்றும் ஒரே சுவரில் விழுந்தால் நீலம், வெள்ளை, மஞ்சள் என்று சுவர் மூன்று நிறம் காட்டும். எந்தக் கேமராவாலும் ஒரே நேரத்தில் மூன்றையும் வெள்ளையாக்க முடியாது. ஆகவே எடுக்கும்போது ஒரே ஜாதி விளக்குகள் மட்டும் எரியட்டும். ஜன்னல் திறந்திருந்தால் டியூப்பை அணையுங்கள். டியூப்பில் எடுத்தால் ஜன்னலைக் கம்பளியால் மூடுங்கள். அதன்பின் வெள்ளைத்தாள் ஒன்றை முகத்தின் இடத்தில் பிடித்து ஒயிட் பேலன்ஸைப் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால், நீங்கள் சிவப்புப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டும்போது சுவர் பச்சை தட்டும்.

இப்போது இந்தக் கடிதத்தின் மையத்துக்கு வருகிறேன். சுவரைப் பற்றி இத்தனை பேசியதே முகத்துக்காகத்தான்.

பழைய கலர் ஃபிலிம் காலத்தில் நிறத்தைச் சரிபார்க்க ஓர் அட்டை வரும். கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து லேப்களுக்கு அனுப்பிய அட்டை. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அதை ஷெர்லி அட்டை என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி என்று கணக்கு. கருத்த முகங்கள் விவரமே இல்லாமல் இருண்டு போவதைப் பல வருஷம் யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கனடாவின் ஊடக ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றைத் தேடி எழுதியிருக்கிறார். சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும், தங்கள் பொருளின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் வரவில்லை என்று புகார் சொன்னபிறகுதான் கோடாக் அந்தப் பக்கம் திரும்பியது என்று அவர் பதிவுசெய்கிறார். தேக்கு மரத்துக்குக் கிடைத்த மரியாதை நம் தாத்தா முகத்துக்குக் கிடைக்கவில்லை. கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணுக்கு முகம் வெளிறப் பவுடர் பூசச் சொல்லி நானே நின்றிருக்கிறேன். விளக்கைச் சரியாக வைக்கத் தெரியாத குறையை அந்தப் பெண்கள் தலையில் கட்டினேன் என்று இப்போது புரிகிறது.

அழகுக் கூட்டலைப் போடுவதும் அதே வேலைதான். முகம் இருண்டது தோலின் குற்றமில்லை. சுவர் கேமராவைப் பயமுறுத்திவிட்டது, அவ்வளவுதான். கருத்த தோலுக்கு வேண்டியது அதிக வாட் அன்று, பெரிய விளக்கு. சின்ன பல்பை நேரே அடித்தால் நெற்றியில் ஒரு பொட்டு மினுக்கமும் சுற்றிலும் இருட்டும்தான் கிடைக்கும். அதே பல்பைப் பெரிய தெர்மோகோல் அட்டையில் அடித்து, அது திருப்பித் தரும் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து முகத்துக்குக் கொடுங்கள். கன்ன எலும்பு, தாடை, மூக்குத்தண்டு எல்லாவற்றிலும் மெல்லிய பளபளப்பு நீளமாக ஓடும். அந்தப் பளபளப்புதான் கருத்த முகத்துக்கு வடிவம் கொடுக்கிறது. பவுடரைத் தவிருங்கள், வெள்ளை டியூப்பின் கீழ் அது சாம்பல் பூசியதுபோலத் தெரியும். முகத்துக்கான விளக்கு வாங்கும்போது மட்டும் பெட்டியில், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ. எண்ணைப் பாருங்கள். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. மட்டமான எல்.இ.டி.யில் சிவப்புக் குறைவு. நம் தோலின் உயிரே அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. சுவருக்கு எந்த டியூப்பும் போதும். காசு செலவழிப்பதென்றால் முகத்துக்குச் செலவழியுங்கள்.

தெர்மோகோலில் அடித்துத் திருப்பும் இந்த வித்தைக்கு நம் நாட்டிலேயே ஒரு குரு உண்டு. சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. 1956-ல் வந்த 'அபராஜிதோ' படத்தில் காசி நகரத்து வீடு வருகிறதே, அதன் முற்றத்தைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்டினார். நாலு பக்கமும் அறைகள், நடுவில் திறந்த முற்றம். அங்கே மேலேயிருந்து வானத்தின் ஒளி மட்டும் இறங்கும், யாருக்கும் கூர்மையான நிழல் விழாது. ஸ்டுடியோ விளக்குகளை நேரே அடித்தால் ஆளுக்கு நாலு நிழல் விழுந்து பொய் வெளுத்துவிடும். மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். கீழேயிருந்து விளக்குகளை அந்தத் துணியில் அடித்தார். துணி திருப்பி அனுப்பிய ஒளி வானத்து ஒளியாகவே இறங்கியது. ஒரு வெள்ளைப் பரப்பு பின்னணி மட்டும் அன்று, அதுவே விளக்காகவும் ஆகும் என்று அவர் காட்டியதைத்தான் நாம் தெர்மோகோல் அட்டையில் செய்கிறோம். சுவர் அளவு மீறினால் உங்களை வெளுப்பதும் அதே காரணத்தால்தான்.

விளக்கு வாங்க வசதியில்லாதவர்களுக்கு இன்னொரு பெயர் சொல்கிறேன். அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன். 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுரங்கத் தொழிலாளிகள், லாரி ஓட்டுநர்கள், நாடோடிகள் என்று நூற்றுக்கணக்கானவர்களை வெள்ளைப் பின்னணியில் எடுத்தார். விளக்கே இல்லை. ஒன்பதடி அகல வெள்ளைக் காகிதத்தை ஏதாவது ஒரு சுவரில் ஒட்டுவார். ஆளை அதன் முன் நிறுத்துவார். வெயில் படாத நிழல் பக்கமாகப் பார்த்துக்கொள்வார். நிழலில் இருக்கும் திறந்த வான ஒளி ஆள் மேலும் காகிதத்தின் மேலும் ஒரே அளவில் விழும், அதனால் ஆளின் நிழல் காகிதத்தில் விழாது. உங்கள் வீட்டு வடக்குத் திண்ணை, மொட்டைமாடிப் படிக்கட்டின் நிழல் பக்கம், பள்ளி வராந்தா எல்லாம் இதற்கு ஏற்ற இடங்கள். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் எடுத்தால் காக்கையும் காய்கறி வண்டியும்தான் தொந்தரவு. பின்னணிக்கு எட்டு முழ வேட்டியைக் கட்டுவதானால் கரை தெரியாமல் மடித்து, இஸ்திரி போட்டு, நாலு மூலையிலும் இழுத்துக் கட்டுங்கள். சுருக்கம் ஒவ்வொன்றும் படத்தில் ஒரு கோடு.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எல்லாப் பாடத்துக்கும் வெள்ளைப் பின்னணி வேண்டாம் என்றும் சொல்கிறேன். உங்களுக்குப் பக்கத்தில் சூத்திரம், வரைபடம், சொல் என்று எதையாவது எழுத்தாகப் போட வேண்டுமானால் வெள்ளை நல்லது. சமமான, சுத்தமான வெள்ளை கோப்பின் அளவையும் குறைக்கும். இருட்டில் எடுத்த சாம்பல் சுவரில் பொடிப்பொடியாக நெளியும் இரைச்சல்தான் பிள்ளைகளின் டேட்டாவைத் தின்கிறது. ஆனால் கதை சொல்கிற பாடம், கவிதை வாசிக்கிற பாடம் என்றால் சுவரைச் சாம்பலாகவே விட்டுவிடுங்கள். ராத்திரி அப்பா வேலை முடிந்து வந்தபிறகு அவர் போனை வாங்கித்தான் பல பிள்ளைகள் பாடம் பார்க்கிறார்கள். இருட்டில், பாயில் படுத்துக்கொண்டு, முழு வெள்ளைத் திரையை அரைமணி நேரம் பார்ப்பது கண்ணுக்கு வேதனை. அவர்களுக்குச் சுவர் வேண்டாம், உங்கள் முகம் போதும்.

அந்தக் கணக்கு டீச்சர் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இரண்டு டியூப்பையும் நாற்காலியில் கட்டினோம். டீச்சரை ஆறடி முன்னால் கொண்டுவந்து, சார்ட் பேப்பரை நட்டு, தெர்மோகோலை இடப்பக்கம் சாய்த்தோம். அழகுக் கூட்டலை அணைத்தேன். பின்னக் கூட்டல் பாடம், பதினொரு நிமிஷம். எடுத்ததை அவர் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். கிழவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நேத்து ராத்திரி சரியாத் தூங்கலையாடி?" என்று கேட்டார். டீச்சர் தூங்கவில்லைதான். சுவரில் வராத நிழல் ஒன்று கண்ணுக்குக் கீழே இருந்தது. அதை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரன்

பி.கு.: எல்லாம் சரியாகச் செய்தும் படம் வெளிறினால் விளக்கைத் திட்டுவதற்கு முன் போனைத் திருப்பி லென்ஸைப் பாருங்கள். காலையில் இட்லி சாப்பிட்ட கை பட்டிருக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.